ஞாயிற்றுக்கிழமைச் சாம்பிராணி

மணி மூன்று ஐந்து. அசையக் கூடாது. அசைந்தால் போண்டா தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், இன்றைக்கும் பட்டினி என்று ஆகிவிடும், நாலு மணிக்கு நந்து போன் செய்வான், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்க மாட்டான், போண்டா தின்னுச்சாக்கா என்பான், நான் என்ன சொல்வேன். அசையக் கூடாது. இடது கால் மரத்துப் போய்விட்டது. நாற்பத்தொன்பது வயதில் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு, கையில் முழ நீளத்துக்கு ஓர் இடுக்கி, இடுக்கியின் நுனியில் செத்த எலி, எதிரே கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் கவிழ்த்து வைத்த பழைய பொங்கல் பானை, பானையின் உடைந்த வாய் வழியாக ஒரே ஒரு மூக்கு. எனக்கு ஜாதகம் பார்த்தவர் புத்திர பாக்கியம் இல்லை என்பது வரை சரியாகச் சொன்னார், இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். போண்டா என்றால் தின்கிற போண்டா இல்லை, என் தம்பி வளர்த்த பாம்பு. வெளிநாட்டு மலைப்பாம்பில் குட்டை ஜாதி, நாலடிதான், விஷம் கிடையாது, வனத்துறையில் பதிவு செய்த தாள்கூட இருக்கிறது. பயந்தால் கடிக்காது, பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அதனால் அந்தப் பேர். நந்தகோபாலுக்குப் பேர் வைக்கச் சொன்னால் பலகாரத்தில்தான் வைப்பான். முன்பு ஒரு நாய் இருந்தது, முறுக்கு. ஏழு வாரத்துக்கு முன்னால் அவனைக் குடி மறக்க வைக்கும் விடுதியில் சேர்த்த அன்று, காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "அக்கா, போண்டாவ மட்டும் பாத்துக்க. நா வந்தர்றேன்" என்றான். தொண்ணூறு நாள். இது மூன்றாவது விடுதி. முதல் இரண்டிலும் இருபது நாள் தாண்டவில்லை, சுவரேறிக் குதித்து வந்துவிட்டான். இதில் ஐம்பது நாள் ஆகப் போகிறது. ஐம்பது நாள். அதை நினைத்தாலே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, நான் மூச்சு விட்டால் அவன் குதித்துவிடுவான் போல.

நாக்கு வந்தது. கறுப்பாக, மெல்லிசாக, இரண்டு தரம் வெளியே வந்து போனது. வா கண்ணு, வா. நாக்கால்தான் அது வாசனை பிடிக்கும் என்று நந்து எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறது. தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், அவனுடைய கோழிக் கிறுக்கல். முதல் பத்து நாள் தொடாதே, எட்டிக்கூடப் பார்க்காதே, புது இடம், பயந்திருக்கும். ஒரு பக்கம் சூடு முப்பத்திரண்டு, மறுபக்கம் இருபத்தாறு, வெப்பமானியைப் பார். ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும், சின்னதாக இருந்தால்தான் அதற்குத் தைரியம். தண்ணீர் தினமும். எலியை முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை, கொடுக்கும் முன் சுடுதண்ணீரில் போட்டு வெதுவெதுப்பாக்கு. ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, பினாயில் எதுவும் வேண்டாம். எல்லாம் செய்தேன். ஒன்றுகூட விடவில்லை. ஊதுபத்தியை நிறுத்தினேன், தரையை வெறும் தண்ணீரில் துடைத்தேன். எலிகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். அவர் ஒரு நாள் ஆசையாக அதைத் திறந்து பார்த்தார், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் ஐஸ்கிரீம் பிடிப்பதில்லை. அவர் என்றால் என் வீட்டுக்காரர். பாம்பு வந்த அன்று, "நாகருக்குப் புத்துல பாலூத்துவோம் தமயந்தி, ஊட்டுக்குள்ள ரூம் போட்டுக் குடுக்க மாட்டோம்" என்றார். ஆனாலும் சூட்டுத் தட்டுக்கு ஒயர் இழுத்து ப்ளக் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். பெட்டியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருக்க மாட்டார், அன்னூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார், எலி நாற்றம் அவருக்கு ஆகாது. யாருக்குத்தான் ஆகும். வெந்நீரில் போட்டதும் கிளம்புமே ஒரு வாடை, ஈரச் சாக்கும் பழைய மயிரும் கலந்த மாதிரி, முதல் வாரம் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டேன், அன்றைக்கு வடவள்ளி முழுக்கக் கறிக்குழம்பு வாசம், நம் வீட்டு வாடை அதில் கலந்துவிடும். கலக்காத மிச்சத்துக்குச் சாம்பிராணி. இப்போதும் ரூம் வாசலில் தூபக்கால் புகைந்துகொண்டிருக்கிறது, புகை வளைந்து வளைந்து பெட்டிக்கு மேலே போகிறது, பார்க்கக் கோயில் மாதிரி இருக்கிறது. மூக்கு ஓர் அங்குலம் உள்ளே போய்விட்டது. நான் அசையவே இல்லையே.

மூன்று இருபது. சாம்பிராணி விஷயத்தில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கொட்டாங்குச்சியை அடுப்பில் நேராகக் காட்டிக் கனலாக்கி, கட்டிச் சாம்பிராணியை நானே பொடித்துத் தூவுவேன், கடையில் விற்கும் கப் சாம்பிராணியெல்லாம் சேர்த்தியில்லை. செவ்வாய், வெள்ளி தவறாது. மற்ற நாளிலும் போட்டிருக்கிறேன். நந்து வந்து கிடக்கிற நாளில். காலையில் கதவைத் திறந்தால் ஹாலில் சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் கிடப்பான், எப்போது வந்தான், யார் கொண்டுவந்து விட்டார்கள், தெரியாது, சட்டையில் வாந்தி, அந்தப் புளித்த வாடை திரைச்சீலைக்குள்ளெல்லாம் ஏறியிருக்கும். அவர் எழுந்து வருவதற்குள், பால்காரர் வருவதற்குள், எதிர்வீட்டுச் சௌந்தரி கோலம் போடக் கதவைத் திறப்பதற்குள், ஒரு கைப்பிடி சாம்பிராணி. புதன்கிழமை, சனிக்கிழமை, ஒரு தரம் ஆயுத பூஜைக்கு மறுநாள். அந்தப் புகையில் அவன் எழுந்து உட்கார்ந்து இருமுவான். தோசை வார்த்து முன்னால் வைப்பேன். பார்த்துக்கொண்டே இருப்பான், ஒரு வாய் வைக்க மாட்டான், எழுந்து போய்விடுவான். திமிர் என்று நினைப்பேன். வார்த்த தோசையை விட்டுப் போகிறான் பார், அக்காக்காரி இங்கே கிடந்து சாகிறாள், இவனுக்குத் திமிர். ஒன்பது வருஷம் இப்படி. அவன் எங்கே என்று கேட்கிறவர்களிடம் மஸ்கட்டில் வேலை என்று சொன்னேன், நடுவில் பார்த்தவர்களிடம் லீவில் வந்திருக்கிறான் என்றேன். மஸ்கட்டில் வருஷத்துக்குப் பதினோரு தரம் லீவு கொடுக்கிறார்கள் போல. யாரும் கேட்கவில்லை, நான் நன்றாக மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தரம்கூட அவனிடம், நந்து, உன் மேல் சாராய வாடை அடிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. வாய் வரைக்கும் வரும். பிறகு தூபக்காலைத் தேடப் போய்விடுவேன்.

மூன்று முப்பத்தைந்து. போன வாரம் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் விட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன், ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, இது ஆறாவது, ஒரு தரம்கூட வாய் திறக்கவில்லை. வாரா வாரம் தராசில் வைத்துப் பார்க்கிறேன், வந்தபோது ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம், நேற்று ஆயிரத்து இருநூறு. முதுகெலும்பு லேசாகத் தெரிகிறது. டாக்டரிடம் போனில் கேட்டேன், இடம் மாறினால் மாசக்கணக்கில் தின்னாது, எடை இதற்கு மேல் இறங்கினால் கொண்டுவாங்க என்றார். அது தாங்கும், நந்து தாங்குவானா. விடுதியில் அவனும் சரியாகச் சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான் என்று கவுன்சிலர் அம்மா சொன்னாள். அதற்கு மறுநாள்தான் அவன் போன். ஐந்து நிமிஷம்தான் தருவார்கள், பக்கத்தில் வார்டன் நிற்பார். தின்னுச்சாக்கா என்றான், குரல் அப்படியே எங்கள் அம்மா செத்த அன்றைக்கு இருந்த குரல், எனக்கு என்ன தோன்றியதோ, "தின்னுருச்சுடா, லபக்குன்னு புடிச்சுது" என்றேன். லபக்கென்று என்று வேறு சொன்னேன், பொய்க்கு அலங்காரம். "அப்ப நானும் சாப்பட்றேன்க்கா" என்றான். திங்கட்கிழமை கவுன்சிலர் அம்மா, உங்க தம்பி ரெண்டு தட்டு சோறு வாங்கறாருங்க என்றாள். சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, போனை வைத்துவிட்டு இந்த ரூமுக்கு வந்து பானையைப் பார்த்து, துரோகி, துரோகி என்று திட்டினேன். அதையா என்னையா தெரியவில்லை. இன்றைக்கும் தின்றது என்று சொல்லலாம். அடுத்த வாரமும் சொல்லலாம். நாற்பது நாள் கழித்து வருவான், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இந்த ரூமுக்குத்தான் வருவான், பானையைத் தூக்கிப் பார்ப்பான், எலும்பும் தோலுமாக, இல்லை, அதுகூட இல்லாமல். அன்றைக்குச் சாயங்காலமே குடிப்பான். இப்போதே உண்மையைச் சொன்னால் இப்போதே சோற்றை விடுவான், நாளைக்கே சுவரேறுவான். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. இதோ இந்த நிமிஷம் நீ ஒரு வாய் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும். போன வாரப் பொய்கூட ஒரு வாரம் பிந்தி வந்த உண்மையாகிவிடும். எலியை லேசாக ஆட்டினேன். நாக்கு வெளியே வந்தது, ஒரு தரம், புகையில் பட்டது, மூக்கு முழுதாகப் பானைக்குள் போய்விட்டது. போ. போய்த் தொலை. நீயும் அவனும் ஒரே ரகம், எதிரே வைத்ததைத் தொட மாட்டீர்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூடக் கை இல்லை, ஒரு கையில் எலி, மறுகை ஊன்றியிருக்கிறது.

நாலு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னதாகவே போன் அடித்தது. எலியைத் தட்டில் வைத்துவிட்டு எடுத்தேன். "அக்கா, போண்டா தின்னுச்சா?" அவ்வளவுதான், எனக்குள் தயாராக இருந்த பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, இனிப்பு மிட்டாய் மாதிரி. இந்த வாரமும் லபக்கென்று. அவன் மூச்சு கேட்டது. மூக்கடைத்த மூச்சு. சின்ன வயதில் ஜுரம் வந்தால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் மூச்சு விடுவான். "இல்லடா" என்றேன். "போன வாரமும் திங்கல. ஒரு வாரமும் திங்கல. நா பொய் சொன்னேன்." சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அந்தப் பக்கம் எங்கேயோ தட்டு கழுவும் சத்தம். வைத்துவிட்டானா. நந்து, நந்து என்றேன். "எளைச்சிருச்சா?" என்றான். நூற்று நாற்பது கிராம் என்றேன். "சூடு எத்தன?" முப்பத்திரண்டு. "ஒளியறதுக்கு?" பொங்கல் பானை. "ரூம்ல ஆள் நடமாட்டம்?" உங்க மாமா பக்கத்திலேயே வர மாட்டார் என்றேன். டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான், குரலில் அழுகை இல்லை, எத்தனையோ வருஷம் கழித்து ஏதோ ஒன்றைத் தெரிந்த ஆள் பேசுகிற குரல். "எலிய எப்படிக் காச்சற?" "சுடுதண்ணில போடுவேன்டா, நீ எழுதுன மாதிரியே. போட்டா வீடே நாறுது, அதனால ஒடனே," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். தூபக்காலைப் பார்த்தேன். "ஒடனே?" என்றான். "சாம்பிராணி போடுவேன்." சொல்லும்போதே உடம்பு கூசியது. ஊதுபத்தி வேண்டாம் என்று எழுதியிருந்தான், நிறுத்தினேன், ஸ்பிரே வேண்டாம் என்றான், தூக்கிப் போட்டேன், சாம்பிராணி வாசனையில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது வீடு பெருக்குவதில் சேர்த்தி. நாக்கால் எலியைத் தேடுகிற ஜீவன் முன்னால் ஆறு வாரம் ஊர்ப்பட்ட சாம்பிராணியைக் கொட்டிவிட்டு, தின்னு, தின்னு என்று இடுக்கியை ஆட்டியிருக்கிறேன். நந்து சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், இருமல் வருகிற வரைக்கும். பிறகு மெதுவாக, "எனக்கும் அதத்தானக்கா போட்ட" என்றான். "அந்தப் பொகைல எனக்கும் தோச எறங்காதுக்கா." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிச்சுக்கடா என்றேன், அவன் கேட்டானோ இல்லையோ, வார்டன் ஏதோ சொன்னார், "ஜன்னலத் தொறந்து வுடுக்கா" என்றான், போன் நின்றுவிட்டது. நீ சாப்பிடுவாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

தூபக்காலைப் பால்கனிக்குத் தூக்கிப் போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன், சுர்ரென்று அடங்கியது. எல்லா ஜன்னலையும் திறந்தேன், ஹாலில் ஃபேனை ஐந்தில் வைத்தேன். அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் அடுப்படியில் நின்றேன். அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான், படுத்திருப்பானா, சுவரைப் பார்த்திருப்பானா. விடுதியின் காம்பவுண்டுச் சுவரை நினைத்தேன், சேர்க்கப் போனபோது பார்த்தது, கண்ணாடிச் சில்லு பதித்தது, முந்தைய விடுதியிலும் பதித்துத்தான் இருந்தது. பிறகு தண்ணீரைச் சுட வைத்து எலியை மறுபடி போட்டேன். வாடை கிளம்பியது. கிளம்பட்டும். முதல் தரமாக அதை நன்றாக மூக்கால் இழுத்துப் பார்த்தேன், நாற்றம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் செத்துப் போகிற அளவுக்கு ஒன்றுமில்லை. இந்தத் தரம் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. பானை வாசலில் எலியை வைத்து, மூடியைச் சாத்தி, பெட்டி மேல் துண்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து ஹாலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காலிங் பெல் அடித்தது. சௌந்தரி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க்கா, என்னமோ நாத்தம் அடிக்குதுங்களே, எங்கூட்லயா உங்கூட்லயான்னு தெரியல. எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா?" என்றாள். ஆமாம், சமையல்கட்டுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அது பாதி உண்மைகூட. "எங்கூட்லதான்" என்றேன். "பாம்புக்கு எலி வெச்சிருக்கேன். எந்தம்பியோட பாம்பு." அவள் கண் விரிந்தது. இதோடு நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல இனி எப்போதும் வாய் வராது என்று தெரிந்தது. "அவன் மஸ்கட்ல இல்ல சௌந்தரி. எப்பவுமே இல்ல. குடிய நிறுத்தறதுக்குச் சேத்திருக்கோம்." கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சௌந்தரி முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். "தெரியுங்க்கா" என்றாள். "செவ்வா வெள்ளி இல்லாத நாள்ல சாம்பிராணி வாசம் வந்தா, தம்பி வந்திருக்காருன்னு நாங்களாப் புரிஞ்சுக்குவோம். பசங்களக்கூட சத்தம் போடாம வெளையாடச் சொல்லுவேன். இப்ப ஞாயித்துக்கெழமையானா வாசம் வருதுங்களா, பாவம், தம்பி வாராவாரம் வந்துட்டுப் போறாராட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக நான் ஊருக்குத் தண்டோரா போட்டிருக்கிறேன், என் கையாலேயே, பொடித்துத் தூவி. சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது, சௌந்தரி என் கையைப் பிடித்துக்கொண்டாள், எலியைத் தொட்ட கை என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாக்கலாங்களாக்கா? பயமாத்தான் இருக்குது" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாள். துண்டை ஓரமாக விலக்கினேன். பானை வாசலில் எலி இல்லை. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு பானைக்குள்ளே, சுருளின் நடுவில், போண்டாவின் தலை வழக்கத்தைவிட இரண்டு பங்கு பெரிதாகத் தெரிந்தது, வாய் ஓரத்தில் எலியின் வால் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. லபக்கென்றெல்லாம் இல்லை. அவசரமே இல்லாமல். என் தோளில் சௌந்தரியின் விரல்கள் அழுந்தின. "சாப்புடுதுங்க்கா" என்றாள், கிசுகிசுவென்று, குழந்தையைத் தூங்க வைத்த ரூமில் பேசுகிற மாதிரி. கை தானாகப் போனுக்குப் போனது. நந்து, தின்னுருச்சுடா. ஆனால் இனி அவனோடு பேச அடுத்த ஞாயிறு நாலு மணிதான், கவுன்சிலர் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை எடுக்க மாட்டாள். நாளைக் காலையில் அவளிடம் சொல்லி அவனிடம் சொல்லச் சொல்லலாம். சொல்ல மாட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஏழு மணிக்கு அங்கே சாப்பாட்டு மணி அடிப்பார்கள். போண்டா தின்னவில்லை என்று தெரிந்துகொண்டுதான் அவன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இன்றைக்கும், நாளைக்கும், ஏழு நாளும். பாம்புக்காக இல்லாமல், எனக்காகவும் இல்லாமல். நில்லுடா நந்து. வால் நுனி உள்ளே போனது, போண்டா வாயை மூடிக்கொண்டு கழுத்தை ஒரு தரம் நெளித்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். வீடு முழுக்க எலி நாற்றம். மணி ஏழு ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.